எகிப்துக்கு எட்டு நாள் போகிறோம். கைடு சொல்லும் அரசர் பெயர்கள் குழம்பாமல் இருக்க எதை எந்த வரிசையில் பார்ப்பது?

பேக்கேஜ் டூர்காரர்கள் போட்டுத் தரும் வரிசை பஸ்ஸுக்கும் ஹோட்டலுக்கும் வசதியானது. முதல் நாள் காலையிலேயே கீசாவில் இறக்கிவிடுவார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அங்கே உள்ள கூஃபு அரசரின் பெரிய பிரமிடு என்பது ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் செய்து பார்த்துக் கண்ட விடை. கணக்கைப் பார்க்காமல் விடையை மட்டும் பார்த்தால் வாயைப் பிளக்கலாம், வேறொன்றும் புரியாது. கட்டிய வரிசையிலேயே பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் எது சொதப்பியது, அதை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்று தேடுங்கள். அரசர்கள் பெயர் தானாக நினைவில் நிற்கும்.

முதல் நாள் சக்காரா, தஹ்ஷூர். இரண்டும் கெய்ரோவுக்குத் தெற்கே, ஒரே காரில் ஒரே நாளில் முடியும். சக்காராவில் ஜோசரின் படிப் பிரமிடு, கி.மு. 2670ஐ ஒட்டியது. அதற்கு முன்பு அரசர்களை மஸ்தபா என்ற தட்டையான மண்செங்கல் மேட்டுக்கு அடியில் புதைத்தார்கள். அரபியில் அந்தச் சொல்லுக்குத் திண்ணை என்று பொருள். ஜோசருக்கும் முதலில் கட்டியது திண்ணைதான், ஆனால் கல்லில். பிறகு அதை அகட்டி, மேலே படி வைத்து, இன்னும் பெரிதாக்கி, கடைசியில் ஆறு படிகளோடு சுமார் 62 மீட்டரில் நிறுத்தினார்கள். தென்கிழக்கு மூலையில் வெளிக்கல் உதிர்ந்த இடத்தில் அந்தப் பழைய திண்ணையின் விளிம்பு இன்றும் தெரிகிறது. நுழைவு மண்டபத் தூண்களையும் விடாதீர்கள். நாணல் கட்டைப் போலச் செதுக்கிய தூண்கள், ஒவ்வொன்றும் பக்கச்சுவரோடு ஒட்டியே நிற்கும். கல்தூணைத் தனியாக நிறுத்த அவர்களுக்கு அன்று தைரியம் வரவில்லை.

தஹ்ஷூரில் ஸ்நெஃபெரு. கூஃபுவின் தகப்பன். இவருக்கு மெய்தூம் என்ற ஊரில் உள்ளதையும் சேர்த்து மூன்று பெரிய பிரமிடுகள். வளைந்த பிரமிடு 54 பாகைச் சரிவில் எழும்பி, பாதி உயரத்தை நெருங்கும்போது 43 பாகைக்கு மடங்குகிறது. அடியில் கெட்டியான பாறை இல்லை. கட்டும்போதே உள்ளறைகள் விரிசல் விட்டன. முட்டுக்கொடுத்த தேவதாரு மரக்கட்டைகள் உள்ளே இன்னும் இருக்கின்றன. மேல்பாரத்தைக் குறைக்கச் சரிவைக் குறைத்தார்கள். அடுத்துக் கட்டிய சிவப்புப் பிரமிடை அடிமுதலே 43 பாகையில் ஏற்றினார்கள், நின்றது. இரண்டுமே சுமார் 105 மீட்டர் உயரம். சிவப்புப் பிரமிடுக்குள் போவதற்குத் தனி டிக்கெட் கிடையாது, கூட்டமும் குறைவு. ஆனால் வடக்கு முகத்தில் 28 மீட்டர் ஏறி, பிறகு 60 மீட்டருக்கு மேல் குனிந்தபடியே இறங்க வேண்டும்; பாதையின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். தொடை மறுநாள் வரை வலிக்கும். முழங்கால் சிக்கல் உள்ளவர்கள் வெளியிலேயே நின்று பார்க்கலாம்.

இரண்டாம் நாள் கீசா. இப்போது நுழைவு ஃபயூம் சாலைப் பக்க வாசல் வழியாக, உள்ளே சுற்றுப் பேருந்து. கூஃபு பிரமிடின் அடிப்பக்கம் 230 மீட்டர், சரிவு 52 பாகைக்குச் சற்றுக் குறைவு, கட்டி முடித்தபோது உயரம் 146 மீட்டர், இன்று உச்சி போய் 138 சொச்சம். தகப்பன் பட்ட பாடு மகனுக்குப் பாடமானது: கெட்டிப் பாறை மேல் கட்டினார். அப்படியும் அரசர் அறையின் கூரையைப் பார்த்தால், ஒன்பது கிரானைட் பாளங்களும் தெற்கு ஓரத்தில் விரிசல் விட்டிருக்கும். உள்ளே போகத் தனி டிக்கெட், விலையும் அதிகம். எழுத்தோ ஓவியமோ எதுவும் இருக்காது. 8 மீட்டருக்கு மேல் உயர்ந்து குறுகும் பெருங்கூடம் ஒன்றுதான் காசுக்கு ஈடு. சிவப்புப் பிரமிடுக்குள் போய்வந்தவர்கள் இதை விட்டாலும் நஷ்டமில்லை. பக்கத்துக் காஃப்ரே பிரமிடு உயரமாகத் தெரிவது அது மேட்டுப் பாறையில் நிற்பதால்தான், அளவில் சிறியது.

பிரமிடுகளை அடிமைகள் கட்டினார்கள் என்று கைடு சொன்னால், செங்கடல் கரையிலுள்ள வாதி அல் ஜர்ஃபில் 2013இல் கிடைத்த பாப்பிரஸ் பற்றிக் கேளுங்கள். மெரெர் என்ற மேற்பார்வையாளர் தன் குழுவோடு தூரா குவாரியிலிருந்து படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றி கீசாவுக்குக் கொண்டுவந்ததைத் தேதி போட்டு எழுதிய நாட்குறிப்பு அது. கூஃபு காலத்துப் பிரமிடு வேலையை ஒழுங்கான குழுக்கள் செய்தன என்பதற்குக் கையெழுத்துச் சாட்சி.

மத்தியானத்துக்குப் பக்கத்திலேயே மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம். 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்தது. டிக்கெட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்பே எடுத்துவிடுங்கள். 43 மீட்டர் நீளமுள்ள கூஃபுவின் படகு, ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்துப் பொருத்தியது, இங்கேதான் இருக்கிறது. துட்டன்காமனின் பொருட்களும் இங்கேயே. அவர் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்குப் பிந்தியவர், நம் வரிசை உடைகிறது, வேறு வழியில்லை. மூன்றாம் நாள் தஹ்ரீர் பழைய மியூசியத்தை அரை நாளில் முடித்துக்கொண்டு லக்சருக்குக் கிளம்புங்கள்.

போகும் வழியில் ஒரு மணி நேரம் இந்தப் பாடத்துக்கு ஒதுக்குங்கள், மீதி நாட்கள் முழுக்க உதவும். அரசரின் பெயர் நீள்வட்டக் கயிற்றுச் சட்டத்துக்குள் இருக்கும், கார்ட்டூஷ் என்பார்கள். ஒருவருக்கு இரண்டு சட்டம். மேலே வாத்தும் சூரிய வட்டமும் இருந்தால் பிறந்த பெயர். செடியும் தேனீயும் இருந்தால் முடிசூட்டுப் பெயர். கைடு சொல்வதெல்லாம் பிறந்த பெயர். துட்மோஸ் நான்கு பேர், அமென்ஹோட்டெப் நான்கு பேர், ராம்சேஸ் பதினொரு பேர் என்றால் யாருக்குத்தான் குழம்பாது? முடிசூட்டுப் பெயரைப் பிடியுங்கள். மூன்றாம் துட்மோஸ்: வட்டம், ஆட்டப் பலகை, வண்டு. ஹட்செப்சுட் (அரசராகவே ஆண்ட பெண், மூன்றாம் துட்மோஸின் சித்தி): வட்டம், இறகு சூடி உட்கார்ந்த பெண் தெய்வம், தூக்கிய இரு கைகள். மூன்றாம் அமென்ஹோட்டெப்: வட்டம், அதே பெண் தெய்வம், கூடை. முதலாம் சேட்டி: வட்டம், பெண் தெய்வம், பலகை. துட்டன்காமன்: வட்டம், வண்டு, மூன்று கோடு, கூடை. இரண்டாம் ராம்சேஸ்: வட்டம், நரித்தலைத் தடி, பெண் தெய்வம், கூடவே இன்னும் சில குறிகள். சூரிய வட்டத்தை மரியாதைக்காக முதலில் எழுதினார்கள், வாசிப்பில் அது கடைசியில் வரும். பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும். இந்த ஆறும் தெரிந்தால் லக்சரின் கர்னாக் கோவிலில் பாதிச் சுவர்களில் யார் வேலை என்று நீங்களே சொல்லிவிடலாம்.

நான்காம் நாள் அபிடோஸ். லக்சரிலிருந்து காரில் மூன்று மணி நேரம் பிடிக்கும், அதனால் பெரும்பாலான டூர்களில் இருக்காது. எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். முதலாம் சேட்டியின் கோவில் சுவரில் 76 அரசர்களின் சட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. எதிரே சேட்டியும் இளவரசரான ராம்சேஸும் நிற்கிறார்கள். பட்டியலில் யார் இல்லை என்பதுதான் விஷயம். ஹட்செப்சுட் இல்லை. மூன்றாம் அமென்ஹோட்டெப்புக்கு அடுத்து நேராக ஹோரெம்ஹெப். நடுவே அக்னாட்டனும் துட்டன்காமனும் ஆய் என்ற அரசரும் ஆண்டதாகவே காட்டவில்லை. சூரிய வட்டை மட்டும் கும்பிடச் சொன்ன அக்னாட்டனையும் அவரைச் சார்ந்தவர்களையும் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள். திரும்பும் வழியில் டெண்டெரா, பின்சுவரில் ஏழாம் கிளியோபாட்ராவும் மகன் சீசரியனும்.

ஐந்தாம் நாள் கர்னாக். இங்கே கருவறைப் பக்கம் பழையது, முன்வாயில் பிந்தியது. நீங்கள் நுழையும் முதல் கோபுரவாயில் எகிப்தியரே ஆண்ட கடைசி வம்சத்துக் காலத்தது, முடிக்கவே இல்லை. அதன் உட்புறம் தெற்குப் பக்கத்தில் மண்செங்கல் சாரம் ஒன்று மேடாகச் சாய்ந்து கிடக்கிறது. கல்லை மேலே ஏற்றப் போட்ட சாய்தளம். வேலை நின்றதால் அகற்றாமல் விட்டது. ஆட்கள் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போவார்கள்.

பெருந்தூண் மண்டபத்தில் 134 தூண்கள். வடக்குப் பாதி சேட்டி, தெற்குப் பாதி மகன் இரண்டாம் ராம்சேஸ். பெயர் படிக்காமலே பிரித்தறியலாம். சேட்டியின் உருவங்கள் சுவரிலிருந்து புடைத்திருக்கும். சுற்றியுள்ள கல் முழுவதையும் சீவி எடுக்க வேண்டிய மெதுவான வேலை. ராம்சேஸ் உருவத்தை உள்ளே குழித்து வெட்டச் சொன்னார்: சீக்கிரம் முடியும், வெயிலில் நிழல் அழுத்தமாக விழும், பிற்பாடு வருபவர் அழிப்பதும் சிரமம். இன்னும் உள்ளே, 29 மீட்டருக்கு மேல் நிற்கும் ஹட்செப்சுட்டின் ஒற்றைக்கல் தூண். மூன்றாம் துட்மோஸ் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார், அந்தச் சுவர்தான் அடிப்பகுதியைக் காப்பாற்றியது. சித்தி செத்ததும் கோபத்தில் பெயரை அழித்தார் என்று கைடுகள் சுவையாகச் சொல்வார்கள். அழிப்பு வேலை தொடங்கியது அவர் தனியாக ஆளத் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுக்குப் பிறகு. கோபம் அவ்வளவு நாள் காத்திருக்காது. லக்சர் கோவிலைச் சாயங்காலம் விளக்கு போட்டபின் பாருங்கள்.

ஆறாம் நாள் மேற்குக் கரை. அரசர் பள்ளத்தாக்கு காலை 6 மணிக்குத் திறக்கும், 6 மணிக்கே நில்லுங்கள். எட்டுக்கு மேல் பஸ் கூட்டம். டிக்கெட் ஜன்னலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், வங்கி அட்டை வேண்டும். பொது டிக்கெட்டில் மூன்று கல்லறை. துட்டன்காமன், முதலாம் சேட்டி, ஆறாம் ராம்சேஸ் மூன்றுக்கும் தனித்தனி டிக்கெட். கல்லறைக்குள் கைடு பேச அனுமதி கிடையாது, வெளியிலேயே விளக்கிவிட்டு அனுப்பிவிடுவார். பிளாஷ் இல்லாமல் போனில் படம் எடுக்கலாம். காவலாளி தடுப்புக்கு அப்பால் கூப்பிட்டுக் காட்டினால் பக்ஷீஷ் எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம்.

பிரமிடு கொள்ளையருக்கு வழிகாட்டிப் பலகை போல நின்றதால்தான் இந்த மலைக்குள் ஒளிந்தார்கள். மூன்றாம் துட்மோஸின் கல்லறை எண் 34, செங்குத்துப் படி ஏறித்தான் வாயிலை அடைய வேண்டும். அடக்க அறையே கார்ட்டூஷ் வடிவம். மூன்றாம் ராம்சேஸின் 11ஆம் எண்ணில் நேராகப் போகும் பாதை திடீரென ஒதுங்கும். இவருடைய தகப்பன் சேட்நாக்ட் காலத்தில் தோண்டியவர்கள் பக்கத்தில் இருந்த 10ஆம் எண் கல்லறைக்குள் உடைத்துக்கொண்டு விழுந்துவிட்டார்கள். சேட்நாக்ட் அதைக் கைவிட்டு ராணி டவுஸ்ரெட்டின் 14ஆம் எண்ணை எடுத்துக்கொண்டார், மகன் ராம்சேஸ் பாதையை நகர்த்தித் தொடர்ந்தார். துட்டன்காமன் கல்லறை சிறியது, ஒரே அறையில்தான் ஓவியம். ஆனால் அவர் உடல் அங்கேயே இருக்கிறது. ஒன்றுக்குத்தான் காசு என்றால் நான் ஆறாம் ராம்சேஸைச் சொல்வேன். அவர் கல்லறை வேலையாட்களின் குடிசைகள் துட்டன்காமன் வாயிலை மூடியிருந்ததால்தான் 1922 வரை யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

மெடினெட் ஹபு, ராம்செஸ்ஸியம் போன்ற மேற்குக் கரைக் கோவில்களுக்கு அந்தந்த வாசலில் டிக்கெட் தரமாட்டார்கள். மெம்னோன் சிலைகளுக்குப் பக்கத்திலுள்ள அலுவலகத்தில் முன்பே வாங்க வேண்டும். தெரியாமல் போய்த் திரும்புபவர்கள் தினமும் உண்டு. டூர் வண்டி நடுவில் பாப்பிரஸ் கடையிலும் அலபாஸ்டர் பட்டறையிலும் நின்றால் இரண்டு மணி நேரம் போச்சு. கடை நிறுத்தம் வேண்டாம் என்று முன்பதிவின்போதே எழுதி வாங்குங்கள். வாங்கியே தீருவேன் என்றால் தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள்: அசலில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் தெரியும், சுருட்டினால் உடையாது. வாழைநார்ப் போலி நொறுங்கும்.

ஏழாம் நாள் எட்ஃபு, கோம் ஓம்போ வழியாக அஸ்வான். இவை கிரேக்கர் வழி வந்த டாலமிகள் கட்டியவை. எட்ஃபுவில் வெற்றுக் கார்ட்டூஷ்களைத் தேடுங்கள்: அரசுரிமைச் சண்டையில் யார் பெயரை வெட்டுவது என்று தெரியாமல் காலியாக விட்டது. அஸ்வானில் முடிவுறாத ஒற்றைக்கல் தூண், 42 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல். பாறையிலிருந்து பிரிப்பதற்குள் விரிசல் கண்டு அப்படியே கிடக்கிறது. டொலரைட் என்ற கடினக்கல் உருண்டைகளால் இடித்து இடித்துத்தான் கிரானைட்டை வெட்டினார்கள் என்பது அங்கே நின்றால் புரியும்.

எட்டாம் நாள் அபு சிம்பலில் இரண்டாம் ராம்சேஸ் மலையில் குடைந்த கோவில்கள், அதிகாலை நாலு மணிக்குப் புறப்பாடு. அஸ்வான் அணைக்காக 1964 முதல் 1968 வரை மலையையே அறுத்து, பழைய இடத்தைவிட 65 மீட்டர் உயரத்தில் மறுபடி அடுக்கியது. நான்கு பெருஞ்சிலைகளில் ஒன்றின் தலை பழங்காலத்திலேயே விழுந்தது. இடம் மாற்றியபோதும் தரையில் அதே இடத்தில் வைத்தார்கள். சிறிய கோவிலில் ராணி நெஃபெர்தாரியின் சிலைகள் அரசரின் உயரத்துக்கே நிற்பது எகிப்தில் அபூர்வம்.

கெய்ரோ வழியாக விமானம் என்றால் மம்மிகளைக் கடைசிக்கு வையுங்கள். அவை ஃபுஸ்தாத்தில் உள்ள தேசிய நாகரிக அருங்காட்சியகத்தில், 2021 ஏப்ரலில் ஊர்வலமாகக் கொண்டுபோன 22 பேர். கல்லறைகள் கொள்ளை போனபின் பூசாரிகள் அள்ளி ஒளித்துவைத்த உடல்கள். ஹட்செப்சுட்டுடையது என்று சொல்லப்படும் உடல், மூன்றாம் துட்மோஸ், சேட்டி, கழுத்தறுபட்ட மூன்றாம் ராம்சேஸ் எல்லோரும் வரிசையாக. இரண்டாம் ராம்சேஸின் மூக்குக்குள் மிளகு வைத்திருந்தார்கள், கி.மு. 1213இல் அந்த மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலிருந்துதான் போயிருக்க வேண்டும். அந்த அறையில் படம் எடுக்கக் கூடாது, சத்தமாகப் பேசவும் கூடாது. ஒரு மணி நேரம் போதும்.