பழைய கார் ஏசி பம்ப் (ஏர்கண்டிஷனர் இல்லை, டேங்கிலிருந்து கார்பரேட்டருக்குப் பெட்ரோல் இழுத்துத் தரும் மெக்கானிக்கல் பம்ப்): கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், 20 நிமிடம் ஓடினால் வண்டி திணறி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடுகிறது. பம்ப் புதிதாகவே மாற்றிவிட்டேன், அப்படியும் இதே தொல்லை.

பதில்: பம்பை மாற்றுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியது டேங்க் மூடியை. அடுத்த முறை நின்றதும் அதைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே வண்டி ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் எந்த பம்பாலும் இழுக்க முடியாது. சத்தமே இல்லையென்றால் சூடுதான்; லைனிலேயே பெட்ரோல் ஆவியாகியிருக்கும். லைன் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா, பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் தடித்த பேக்கிங்கை யாராவது கழற்றிப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். ஸ்பார்க்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயில் சூடானாலும் இப்படியே நிறுத்தும், அதனால் ஸ்பார்க்கையும் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, ஆயில் ஊற்றவே இல்லை, டிப் ஸ்டிக்கில் அளவு ஏறியிருக்கிறது. நல்லதுதானே?

பதில்: இல்லை தம்பி, தயவுசெய்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதே! டிப் ஸ்டிக்கை முகர்ந்து பார், பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் டயாபிரம் (உள்ளே பெட்ரோலை இழுத்துத் தள்ளும் ரப்பர் சவ்வு) கிழிந்து பெட்ரோல் சம்புக்குள், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும், அது பம்ப் மாற்றுவதைப் போல அரை நாளில் முடிகிற வேலை இல்லை. கார்பரேட்டர் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடில் மூடாமல் வழிந்தாலும் இப்படி ஆகும், இரண்டையும் பார். பம்ப் மாற்றியதும் ஆயில், ஆயில் ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிடு. பழைய ரப்பர் டயாபிரத்துக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகாது, அதனால் ரிப்பேர் கிட் வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்கு.

கேள்வி: எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிடலாமா?

பதில்: போடலாம், ஆனால் இன்ஜெக்‌ஷன் வண்டி பம்ப் வேண்டவே வேண்டாம். கார்பரேட்டருக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) போதும். 40 பிஎஸ்ஐ வந்தால் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் வழியும். எலக்ட்ரிக் பம்ப் நன்றாகத் தள்ளும், இழுப்பதில் பலவீனம், ஆகவே டேங்குக்குப் பக்கத்தில் தாழ்வாக வையுங்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்) கொடுங்கள், விபத்தில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். பழைய பம்ப் இருந்த துளையைத் தகடு வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் வெளியே வந்துவிடும்.

கேள்வி: புது பம்ப் இன்ஜினில் உட்காரவே மாட்டேன் என்கிறது, போல்ட் போட்டு இறுக்கி இழுக்கலாமா?

பதில்: கூடாது, லீவர் உடையும். இன்ஜினுக்குள் சுற்றி பம்ப் லீவரை அசைக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் மேடு லீவரை எதிர்த்துத் தள்ளுகிறது. இன்ஜினைக் கையால் கொஞ்சம் சுற்றுங்கள், மேடு விலகியதும் தானாகவே உட்காரும். லீவர் கேமின் சரியான பக்கத்தில் படுகிறதா என்று பார்த்துவிட்டு இரண்டு போல்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். பேட்டரி வயரைக் கழற்றி, இன்ஜின் ஆறிய பிறகுதான் இதெல்லாம்.

கேள்வி: மூன்று மாதம் நின்ற வண்டி, செல்ஃப் அடித்தே பேட்டரி இறங்கிவிடுகிறது.

பதில்: கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் காய்ந்திருக்கும், அவ்வளவுதான். பம்பில் கை லீவர் இருந்தால் பத்துப் பதினைந்து முறை அடித்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். லீவர் லொடலொட என்று ஆடினால் பம்ப் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள், கேம் அதை அமுக்கிப் பிடித்திருக்கும், இன்ஜினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.