கோடு தெரியாமலும் இருக்கணும், உறுத்தாமலும் இருக்கணும்

கேள்வி: வேலைக்கு உடம்போடு ஒட்டிய பேண்ட்தான் போடுகிறேன். சாதாரண பேண்டீஸ் போட்டால் பின்பக்கம் கோடு அப்படியே தெரிகிறது. தோழி சொன்னாளே என்று பின்பக்கம் ஒல்லிப் பட்டை மட்டும் இருக்குமே, அந்தத் தாங் வாங்கினேன், மதியத்துக்குள் எப்போது வீட்டுக்குப் போய்க் கழற்றுவோம் என்று ஆகிவிடுகிறது. பார்க்க நன்றாக இருக்க வேண்டுமென்றால் அவஸ்தைப்பட்டுத்தான் ஆகணுமா அக்கா?

பதில்: இல்லைம்மா, அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அந்தக் கோடு ஏன் வருகிறது என்று முதலில் பாருங்கள். கால் பக்கத்து எலாஸ்டிக் சதைக்குள் அழுந்தும்போது அதன் இரண்டு பக்கமும் சதை லேசாகப் பிதுங்குகிறது, அந்தப் பள்ளமும் மேடும்தான் பேண்டுக்கு மேலே கோடாகத் தெரிகிறது. அதனால் மாடலை மாற்றுவதற்கு முன்னால் சைஸைப் பாருங்கள். நம்மில் பலர் இடுப்பளவை மட்டும் வைத்து வாங்குகிறோம், ஆனால் பின்பக்கம் எங்கே அதிகம் அகலமாக இருக்கிறதோ அந்தச் சுற்றளவுதான் முக்கியம். கழற்றும்போது தொடை மடிப்பில் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தால் ஒரு சைஸ் மேலே போங்கள். பெரிய சைஸ் என்றால் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, அந்த எண் உங்களைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. அதற்காகத் தொளதொளவென்றும் வேண்டாம், துணி சுருண்டு மடிந்து அதுவும் வெளியே தெரியும்.

சைஸ் சரியான பிறகும் தெரிகிறது என்றால், விளிம்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். இடுப்புக்குக் கீழே நிற்கும் பிகினி, ஹிப்ஸ்டர் மாடல்கள் இரண்டிலும் பெரும்பாலும் பின்பக்கத்தின் நடுவிலேயே விளிம்பு குறுக்கே ஓடும், கோடு நன்றாகத் தெரிகிற இடமும் அதுதான். குட்டை ஷார்ட்ஸ் மாதிரி இருக்கும் பாய்ஷார்ட்ஸில் விளிம்பு கீழே இறங்கித் தொடை தொடங்கும் இடத்துக்கு வந்துவிடும், அங்கே உடம்பிலேயே ஒரு மடிப்பு இருப்பதால் கண்ணுக்கு உறுத்தாது. உங்களுக்கு நான் சொல்வது சீம்லெஸ், அதாவது தையல் மேடு இல்லாத வகை. அதிலும் விளிம்பில் எலாஸ்டிக்கே இல்லாமல், மடித்துத் தைக்காமல், வெட்டியபடியே விட்டிருப்பார்கள் பாருங்கள், அந்த வகை. பின்பக்கம் முழுக்க மூடும், அழுத்தாது, கோடும் பெரிதாகத் தெரியாது. ஒரே குறை, பெரும்பாலும் நைலான் கலந்த துணிதான், காட்டன் மாதிரி வேர்வையை உறிஞ்சாது. அதனால் வாங்கும்போது உள்ளே திருப்பி, அடிப்பகுதியில் காட்டன் பட்டை வைத்துத் தைத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

தாங் சிலருக்கு நிஜமாகவே வசதியாக இருக்கிறது, அவர்கள் போடட்டும். உங்களுக்கு உறுத்துகிறது என்றால் பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். உரசி உரசிப் புண்ணாகிவிடும்.

கேள்வி: நடந்தால் இரண்டு தொடையும் உரசி எரிகிறது. பாய்ஷார்ட்ஸ் போட்டும் பயனில்லை, மேலே சுருண்டு ஏறிவிடுகிறது.

பதில்: உங்களுடையது கால் நீளம் போதாத பாய்ஷார்ட்ஸ். தொடைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தைத் தாண்டி ஓரிரண்டு அங்குலமாவது கீழே வர வேண்டும், அப்போதுதான் தோலுக்கும் தோலுக்கும் நடுவில் துணி நிற்கும். அப்புறம், உள்தொடைப் பக்கம் தடித்த தையல் இருந்தால் அந்தத் தையலே அறுக்கும், விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். 95% காட்டன், 5% எலாஸ்டேன் (ரப்பர் மாதிரி இழுபடும் நூல்) என்று லேபிளில் இருக்கும் துணி மென்மையாகவும் இருக்கும், இழுத்தால் திரும்பவும் படியும். நூறு சதவீதக் காட்டன் இந்த வேலைக்குச் சரிவராது, சீக்கிரம் தொய்ந்துபோய் மறுபடி சுருளத்தான் செய்யும். மாதவிடாய் நாட்களில் மட்டும் இதை விட்டுவிட்டு கால் இல்லாத சாதாரண பிரீஃபுக்கு வந்துவிடுங்கள், பேடின் இறக்கையை மடித்து ஒட்ட அதில்தான் வசதி.

கேள்வி: வெள்ளை பேண்டுக்கு வெள்ளை பேண்டீஸ்தானே போட்டேன், அப்படியும் தெரிகிறதே?

பதில்: வெள்ளைக்கு அடியில் வெள்ளை இன்னும் பளிச்சென்று தெரியும். உங்கள் தோல் நிறத்துக்கு நெருக்கமான நிறத்தில் வாங்குங்கள், லேஸ் வேண்டாம்.

கேள்வி: சிசேரியன் ஆகி 2 மாதம் ஆகிறது. எந்த பேண்டீஸ் போட்டாலும் எலாஸ்டிக் சரியாகத் தழும்பின் மேலேயே உட்காருகிறது. பழைய மாடல் ஹை வெயிஸ்ட் போட மனம் வரவில்லை.

பதில்: மனம் வராதது புரிகிறது, ஆனால் இப்போது அதுதான் உங்களுக்கு நல்லது. எலாஸ்டிக் தொப்புளை ஒட்டியோ அதற்கு மேலேயோ நிற்க வேண்டும், பட்டை அகலமாக இருக்க வேண்டும். ஒல்லிப் பட்டை என்றால் உட்காரும்போது சுருண்டு இறங்கி மறுபடி தழும்புக்கே வந்துவிடும். பழைய சைஸை விட ஒன்று பெரிதாக, மென்மையான காட்டனில் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிறத்திலும் அழகான வெட்டிலும் இப்போது நிறையவே வருகிறது, தேடி உங்களுக்குப் பிடித்ததையே எடுங்கள். தழும்பு சிவந்திருந்தாலோ நீர் கசிந்தாலோ மட்டும் இதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.