மீட் ஒரு பக்கம், சாட் ஒரு பக்கம்: மகள் என்னதான் செய்கிறாள்?

ஐயா, மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் உங்கள் மகள், கூகுள் மீட்டில் புராஜெக்ட் பேசும்போதே வாட்ஸ்அப்பிலும் தட்டிக்கொண்டிருக்கிறாள், இப்படிக் கவனம் சிதறினால் கேம்பஸ் இன்டர்வியூவில் எப்படித் தேறுவாள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சாட்டில் என்ன ஓடுகிறது என்று அவளிடமே கேளுங்கள். போனைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். ரீல்ஸும் மீம்ஸும்தான் என்றால் உங்கள் கவலை சரி. ஆனால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒருத்தி புராஜெக்ட்டை விளக்கிக்கொண்டிருக்கிறாள். கைடு, அதாவது புராஜெக்ட்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர், திடீரென்று "டெஸ்ட் டேட்டா எவ்வளவு?" என்கிறார். அவள் தடுமாறுவதற்குள் "20 சதவீதம், ஸ்லைடு 9" என்று குழுவில் ஒருவன் தட்டிவிடுகிறான். பேச்சு அறுபடாமல் பதில் வந்துவிடுகிறது. எல்லார் முன்னாலும் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகூட "இந்தக் கணக்கு தப்பு மாதிரி இருக்கே" என்று சாட்டில் சொல்லிவிடும்.

ஐடி கம்பெனிகளில் பாதி வேலை இப்படித்தான் நகர்கிறது. டீம்ஸ், ஸ்லாக், நம்ம ஊர் ஜோஹோவின் கிளிக் போன்ற சாட் ஆப்கள் எல்லாம் அதற்காகவே இருப்பவை. ஸ்லாக் பிறந்த கதையே சுவாரசியமானது. வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி கிளிட்ச் என்ற ஆன்லைன் கேமை உருவாக்கியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துகொண்ட கருவி அது. கேம் 2012-ல் மூடப்பட்டது. கருவியோ வளர்ந்து, 2021-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதைச் சுமார் 2,770 கோடி டாலருக்கு வாங்கியது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். மூன்று பேர் தனியாகப் பேசி டேட்டாபேஸை மாற்றிவிடுவார்கள். மற்றவர்களுக்கு ரிவ்யூ அன்றுதான் தெரியும். கல்லூரி மாணவர்கள் குழுக்களாகப் போட்டியிடும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் குழுவுக்கு 6 பேர், சாஃப்ட்வேர் பிரிவின் இறுதிச் சுற்று விடாமல் 36 மணி நேரம். அங்கே இப்படி ஆனால் ராத்திரி முழுக்க விழித்திருந்து செய்தது வீண். அதனால் தனிச் சாட்டில் என்ன முடிவானது, யார் செய்கிறார்கள், எப்போதைக்குள் என்று இரண்டு வரியைப் பொதுக் குழுவில் போட்டே ஆக வேண்டும். அப்புறம், ஸ்க்ரீன் ஷேர் செய்யும்போது முழுத் திரையைக் காட்டாமல் அந்த ஒரு டேப்பை மட்டும் காட்டச் சொல்லுங்கள். கைடைக் கிண்டலடித்த மெசேஜ் அவர் கண்ணெதிரே வந்து நின்றால் யாராலும் காப்பாற்ற முடியாது.

தனியாகக் கொடுக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்விலும் வேலை இன்டர்வியூவிலும் இந்தப் பக்கச் சாட் கூடவே கூடாது. அங்கே பின்னால் இருந்து யாராவது பதில் தட்டினால் அதற்குப் பெயர் காப்பி.

"டீமில் எப்படி வேலை செய்தீர்கள்?" என்று எச்.ஆர். கேட்பார். "நல்லா ஒத்துழைப்போம் மேடம்" என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். என்ன சிக்கல் வந்தது, சாட்டில் அதை யார் கவனித்தார்கள், எல்லாரும் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார். அடுத்த மீட் முடிந்ததும் மகளை உங்களிடம் அதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.