ஒன்பதாம் நாள்

அன்புள்ள அக்கா,

எங்கள் பங்கு வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் அன்றைய வாசகத்துக்கான சிந்தனையும் புனிதர் வரலாறும் வருகின்றன. செங்காங்கில் ரயில் ஏறும்போது படிப்பேன். இறங்கும்போது மனதில் ஒன்றும் இருக்காது. ஒரு வருடமாக இப்படித்தான். நிறுத்திவிட்டால் பாவமா? புனிதர்கள் எல்லாரும் எங்கோ ஐரோப்பாவில், என்றோ ஒரு காலத்தில், சிரித்த முகத்தோடு செத்தவர்களாக இருக்கிறார்கள். வேலை, கடன், பிள்ளையின் பிஎஸ்எல்இ தேர்வு என்று ஓடுகிற எனக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? இன்னொன்று, அம்மா விட்டுப்போன பழைய விவிலியத்தைப் படிப்பதா, புதிய மொழிபெயர்ப்பை வாங்குவதா?

– ஒரு வாசகர், செங்காங்

அன்புள்ள தம்பி,

பாவம் இல்லை. விவிலியம் எதுவானாலும் சரி. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு வாசிக்க எளிது. அம்மாவுடையது கையில் இருக்கும்போது கடைக்கு ஏன் ஓட வேண்டும்?

"எங்கோ ஐரோப்பாவில்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நம் சிங்கப்பூரில், குவீன் ஸ்திரீட்டில் நல்லாயன் பேராலயத்துக்குள் புனித லாரன்ஸ் இம்பெர்ட்டின் திருப்பண்டம், அதாவது அவர் உடலின் மிச்சம், இருக்கிறது. எத்தனை முறை அங்கே பூசை கண்டிருப்பீர்கள்! பிறந்தது பிரான்சில்தான். ஆனால் 1821 டிசம்பர் 11 அன்று இந்த மண்ணில் கால் வைத்தார். இங்கே வந்த முதல் கத்தோலிக்க மறைபணியாளர் அவர். அன்று இந்த ஊரில் கத்தோலிக்கர் பன்னிரண்டு, பதின்மூன்று பேர்தான்.

செப்டம்பர் 20, கொரியாவில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் நினைவு நாள். இம்பெர்ட்டும் அவர்களில் ஒருவர். அதற்கு முன்பிருந்தே அவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதமும் வந்தது.

இம்பெர்ட் பின்னாளில் கொரியாவுக்கு ஆயர், அதாவது பிஷப், ஆனார். மறைந்து மறைந்துதான் பணி. 1839இல் கிறிஸ்தவர்களை ஒடுக்கும் கலாபனை வெடித்தது. வெளிநாட்டுக் குருக்களைப் பிடிக்க ஊர் ஊராகக் கிறிஸ்தவர்களை அடித்தார்கள். அவர் தாமே போய்ச் சரணடைந்தார். அதோடு விடவில்லை. ஒளிந்திருந்த மோபான், சாஸ்தான் என்ற இரண்டு குருக்களுக்கும் சீட்டு அனுப்பினார். இப்படிப்பட்ட நேரத்தில் நல்ல ஆயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான், நீங்களும் வந்துவிடுங்கள் என்று. அவர்களும் வந்தார்கள். செப்டம்பர் 21 அன்று மூவரையும் வெட்டினார்கள். அந்தச் சீட்டின் வரிதான் நம்முடைய பேராலயத்துக்குப் பெயரானது.

உங்கள் வாட்ஸ்அப் சிந்தனை இங்கேயே நிற்கும். "நாமும் நல்ல ஆயர்களாக வாழ வரம் கேட்போம்." கீழே நாற்பது பேர் ஆமென் போடுவார்கள்.

செப்டம்பர் 22 அன்று என்ன நடந்தது? பவுல் சோங் ஹாசாங்கை வெட்டினார்கள். குருக்களை அனுப்புங்கள் என்று கேட்டுக் கேட்டுப் பெய்ஜிங்குக்கு நடையாய் நடந்தவர், குருவல்லாத பொதுநிலை மனிதர் அவர். நவம்பரில் அவருடைய தாய் செசிலியா 79 வயதில் சிறையிலேயே உயிர்விட்டார். டிசம்பரில் தங்கை எலிசபெத்தை வெட்டினார்கள். ஆடுகள் பிழைக்கட்டும் என்றுதானே ஆயர் கழுத்தை நீட்டினார்? ஆடுகள் பிழைக்கவில்லை, தம்பி. இளம் குருக்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டது சரிதானா? எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிற இடம் அது. சிந்தனை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஏன் ஒரே தாவாகத் தாண்டுகிறார்கள்? அந்த 22ஆம் தேதியை எடுத்துவிட்டால் புனிதர் சாமிப்படம் ஆகிவிடுகிறார். படத்தோடு உங்களுக்கு என்ன சம்பந்தம் இருக்க முடியும்? உங்கள் மனம் காய்ந்து கிடப்பதில் ஆச்சரியமே இல்லை.

எனக்கு இது புத்தகத்தில் தெரியவந்ததில்லை. பதினைந்து வயதில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் ஒன்பது நாள் ஜெபமான நவநாளைத் தொடங்கினார். வேலை முடிந்து நேராகக் கோயில், அங்கிருந்து ஆஸ்பத்திரி. எட்டாம் நாள் இரவு அப்பா போய்விட்டார். மறுநாள் புளோக்குக்குக் கீழே அவரைக் கிடத்தியிருந்தது. சித்திமார் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு அம்மா எழுந்து செருப்பை மாட்டினார். "செத்த வீட்டுல இருந்து எங்க போறே?" என்று அத்தை கத்தினார். அம்மா பதில் பேசவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன், ஆத்திரத்தோடு.

கோயிலில் அம்மா நவநாள் புத்தகத்தைத் திறந்தார். நீல அட்டை. ஒன்பதாம் நாள் பக்கம் முந்தின நாளின் மெழுகு சொட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டை விரல் நகத்தால் மெதுவாகப் பிரித்தார். ஓரம் கொஞ்சம் கிழிந்தது. கிழிந்த எழுத்துகளை மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். "அதான் செத்துட்டாரே, இன்னும் என்ன கேட்கிறீங்க?" என்றேன். கோயில் என்றும் பார்க்காமல் சத்தமாகத்தான் கேட்டேன்.

"எட்டு நாள் வந்து கேட்டுட்டு, இல்லைன்னு ஆனதும் வராம இருந்தா அவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் அம்மா. அப்புறம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து டாக்சிக்குக் கை காட்டினார்.

செசிலியாவின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நகம்தான் ஞாபகம் வருகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரயிலில் கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் படிப்பதை ஒரு மாதம் நிறுத்துங்கள். ஒரு சனிக்கிழமை குவீன் ஸ்திரீட்டுக்குப் போய், ஃபோனை அணைத்துவிட்டு, இம்பெர்ட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் உட்காருங்கள். கடனைப் பற்றியும் சொல்லுங்கள், பிஎஸ்எல்இ பற்றியும் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அம்மாவின் விவிலியத்தில் நல்ல ஆயன் வருகிற யோவான் பத்தாம் அதிகாரத்தைத் திறந்து, அவர் எங்கேயாவது கோடு போட்டிருக்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா