கார் கண்ணாடியில் எழுதியிருப்பதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் தேவிபட்டினம் பக்கம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு இறால் கம்பெனி குளம் வெட்டியது. இப்போது ஊருணித் தண்ணீர் கரிக்கிறது. கேட்டால் வெளிநாட்டுச் சான்றிதழ் இருக்கிறது என்கிறார்கள். ‘மனித உரிமை’ என்று கார் கண்ணாடியில் எழுதிய ஒருவர், 5,000 ரூபாயும் ஊரார் கையெழுத்தும் தந்தால் டெல்லியில் கேஸ் போடுவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் சரி, சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் மாநில ஆணையத்துக்கும் சரி, புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. தமிழிலேயே வெள்ளைத்தாளில் எழுதலாம். சின்னம் அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக வருபவருக்கும் ஆணையத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 5,000 போனாலாவது போகட்டும். ஊரார் கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் நாளைக்கே ‘ஆட்சேபணை இல்லை’ என்ற கடிதமாகிக் கம்பெனி ஃபைலில் உட்கார்ந்திருக்கும்.

ஆணையம் கம்பெனியை நேரடியாக விசாரிக்காது. அரசு ஊழியர் செய்த மீறல், அல்லது மீறலைத் தடுக்காமல் விட்ட அலட்சியம், இவற்றைத்தான் பார்க்கும். ‘கம்பெனி தண்ணீரைக் கெடுத்தது’ என்று மட்டும் எழுதினால் ஃபைல் மூடப்படும். அதனால் முதலில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால், ‘இந்தத் தேதியில் கொடுத்தோம், இந்த அதிகாரி பார்க்கவில்லை’ என்று ஒரு வருடத்துக்குள் ஆணையத்துக்கு எழுதுங்கள். கலெக்டர் மனுவின் நகலையே அனுப்பினால் எடுக்க மாட்டார்கள். ஆணையத்தின் பெயருக்கே தனியாக எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: விவகாரம் கோர்ட்டில் இருந்தால் ஆணையம் தொடாது. மாநில ஆணையம் எடுத்துவிட்டால் டெல்லி எடுக்காது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். யாரோ ஒருவர் உங்கள் ஊர்ப் பெயரில் அரைகுறையாக ஒரு வழக்குப் போட்டு வைத்தாலே போதும், உங்கள் புகார் நின்றுவிடும். கையெழுத்துக் கேட்டு வருபவரை இந்தக் கண்ணோடும் பாருங்கள்.

சான்றிதழில் எந்த இடத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தூரத்தில் இருக்கும் பதப்படுத்தும் ஆலைக்கு வாங்கியதைக் குளத்துக்கும் சேர்த்துக் காட்டுவது பழைய வித்தை. அரசு கொடுத்த பதிவு உண்டா என்பதே கேள்வி. மீன்வளத் துறைக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனுப் போட்டு, பதிவு எண், சர்வே எண், ஆய்வு செய்த தேதி மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘தொழில் நிறுவனங்கள் மனித உரிமையை மதிக்க வேண்டும்’ என்று 2011இல் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் வந்தன, 2019இல் மத்திய அரசும் தன் பங்குக்கு ஒன்று வெளியிட்டது. மேடையில் பேச உதவும். உங்கள் ஊருணிக்கு அதில் ஒரு குடம் தண்ணீர்கூட வரவில்லை.

உங்கள் கையில் இருக்க வேண்டியது தண்ணீர் அறிக்கை. சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை கழுவி, இரண்டு லிட்டர் பிடித்து, இடமும் தேதியும் எழுதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கம்பெனி குளத்தை வடிக்கும் நாட்களில் ஊருணியில் ஒன்று, பண்ணைக்குத் தள்ளியிருக்கும் கிணற்றில் ஒன்று என இரண்டு மாதிரி வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாத ஊரில் 2,000 வரை பொறுக்கலாம். குளோரைடுக்கு 250, 1,000. கார்த்திகை மழைக்குப் பின் எடுக்காதீர்கள். மழைத்தண்ணீர் கலந்து அளவு இறங்கியிருக்கும், கம்பெனி வக்கீல் அந்தத் தாளைத்தான் நீட்டுவார்.

இழப்பீடும் ஊருணியைச் சீராக்குவதும் வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும், சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 5 வருடம் வரை அவகாசம் உண்டு, நீங்கள் இன்னும் தாமதித்துவிடவில்லை. ஆனால் அங்கே போய்விட்டால் ஆணையக் கதவு மூடும், எது முதலில் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்துகொண்டு போங்கள்.