தோட்டாவுக்குள் மருந்து எங்கே படுத்திருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

ஒரே ரைபிள், ஒரே தோட்டா, சுடுவதும் ஒரே ஆள், ஆனாலும் ஏன் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு இடத்தில் போய் விழுகிறது என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். பதிலின் நடுவே, "தோட்டாக் கூட்டுக்குள் வெடிமருந்து எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதும் ஒரு காரணம்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை கடிதங்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே.

கேள்வி: பழைய .45-70 தோட்டாவுக்கான லீவர் ரைபிள் (கீழே உள்ள கைப்பிடியை இழுத்து மூடி அடுத்த தோட்டாவை ஏற்றும் ரகம்) வைத்திருக்கிறேன். தோட்டாவை நானே நிரப்புகிறேன், ஈயக் குண்டு, உதை குறைவாக இருக்கட்டும் என்று அச்சிட்ட கையேட்டில் உள்ள குறைந்த அளவு மருந்து. ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். இருந்தும் வேகமானியில் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நொடிக்கு 60 அடி வரை வித்தியாசம் காட்டுகிறது. ரேஞ்சில் ஒரு பெரியவர் ஒவ்வொரு முறையும் குழலை மேலே தூக்கி இறக்கிவிட்டுத்தான் சுடுகிறார், என்னையும் அப்படியே செய்யச் சொல்கிறார். இது ராசி பார்க்கிற கதையா, உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா? – டெக்ஸாஸ் வாசகர்

பதில்: பெரியவர் ராசி பார்க்கவில்லை. முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் நிரப்பிய தோட்டா ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். சலசலவென்று சத்தம் கேட்கும். உங்கள் 60 அடியில் பெரும்பகுதி அந்தச் சத்தத்துக்குள்தான் இருக்கிறது என்பது என் ஊகம்.

.45-70 என்ற பெயரிலேயே கதை இருக்கிறது. 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா அது. 0.45 அங்குலக் குண்டு, 70 கிரெய்ன் கருமருந்து, அதாவது ஏறத்தாழ நாலரை கிராம். கருமருந்துக்குக் காலி இடம் ஆகாது, குண்டின் அடிப்பாகம் வரை இடைவெளி இல்லாமல் கெட்டித்துதான் போட வேண்டும். திருவிழா அதிர்வேட்டில் மருந்து கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதற்காகவே அந்தக் கூடு அவ்வளவு பெரிதாகச் செய்யப்பட்டது. பிறகு வந்த புகையில்லா மருந்துக்கு வீரியம் அதிகம், கொஞ்சம் போட்டாலே போதும். கூடு மட்டும் அதே பழைய கூடு. நாலு பேர் வீட்டுக்கு வாங்கிய அண்டாவில் ஒரு ஆழாக்கு அரிசி பொங்குகிற மாதிரி ஆகிவிட்டது.

இப்போது ரைபிள் கிடைமட்டமாக இருக்கிறது, உள்ளே மருந்து பாதிக்கும் குறைவு. பாதி எண்ணெய் இருக்கும் பாட்டிலைப் படுக்க வைத்தால் எண்ணெய் எப்படி நீளமாகப் பரவிக் கிடக்குமோ, அப்படியும் மருந்து கிடக்கலாம். பின்னால் ப்ரைமரை, அதாவது கூட்டின் அடியில் தீ மூட்டும் சின்ன மூடியை, ஒட்டிக் குவிந்திருக்கலாம், முன்னால் குண்டின் அடியில் போய் ஒதுங்கியிருக்கலாம். ப்ரைமரின் தீ ஒரு சின்ன ஓட்டை வழியாக உள்ளே பாய்கிறது. மருந்து அதன் வாயிலேயே இருந்தால் தீ குவியலுக்குள் புகுந்து சட்டென்று பற்ற வைத்துவிடும். மருந்து முன்னால் கிடந்தால் அந்தத் தீ முதலில் காலி இடத்தைக் கடக்க வேண்டும், போகிற வழியில் சூட்டை இழக்கும், மருந்தைக் குண்டோடு சேர்த்து முன்னால் தள்ளவும் செய்யும். அடுப்பில் ஊதுகுழலைத் தணலுக்குள் வைத்து ஊதுவதற்கும் தணலுக்கு மேலே வெறும் காற்றில் ஊதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பொதுவாக மருந்து பின்னால் இருந்தால் அழுத்தமும் வேகமும் கூடும், முன்னால் இருந்தால் இரண்டும் குறையும்.

அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு தோட்டாவிலும் அது ஒவ்வொரு இடத்தில் கிடப்பது. உங்கள் லீவர் ரைபிளில் குழாய் மாகசினிலிருந்து வரும் தோட்டாவைத் தூக்கி மூக்கு மேலாகச் சாய்க்கிறது ஒரு பாகம். அப்போது மருந்து பின்னால் வரும். அடுத்த நொடியே லீவரை இழுத்து மூடும்போது தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் அது உட்காரும் அறைக்குள், ஓடிப்போய் டக்கென்று நிற்கிறது, பிரேக் போட்ட பேருந்தில் நின்றுகொண்டிருப்பவர்கள் மொத்தமாக முன்னால் சாய்வது போல மருந்தும் முன்னால் போகும். ஒரு முறை வேகமாக மூடுவீர்கள், இன்னொரு முறை மெதுவாக. எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் நின்றது என்று யார் கண்டது?

இலக்கில் இதன் பாதிப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். குண்டு நொடிக்கு 1300 அடியில் கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டால், 60 அடி வித்தியாசம் 100 கெஜத்தில் மேல் கீழாகச் சுமார் ஓர் அங்குலம்தான். அதை உங்கள் கை நடுக்கமே விழுங்கிவிடும். 200 கெஜத்தில் நாலைந்து அங்குலம் ஆகிவிடும், அங்கே ஒளிக்க முடியாது. பக்கவாட்டில் சிதறாமல் மேலும் கீழுமாக மட்டும் நீண்டு சிதறினால், சந்தேகத்தை முதலில் வேகத்தின் மேல் வையுங்கள்.

சோதிப்பது எளிது. பத்து தோட்டா, ஒவ்வொன்றையும் குண்டு மேலாக நிறுத்தி விரலால் இரண்டு தட்டு தட்டி, அலுங்காமல் கிடைமட்டமாக்கி, கையாலேயே ஒன்றொன்றாக உள்ளே வைத்து மெதுவாக மூடிச் சுடுங்கள். இன்னொரு பத்து, தலைகீழாக நிறுத்தித் தட்டி அதே மாதிரி. முதல் பத்தை முடித்துவிட்டு அடுத்த பத்துக்குப் போகாதீர்கள், குழல் சூடேறினால் கணக்கு கெட்டுவிடும், மாற்றி மாற்றிச் சுடுங்கள். நான் முதல் தடவை செய்தபோது எது எந்த ரகம் என்று குறித்து வைக்காமல் இருபது எண்களை மட்டும் வைத்துக்கொண்டு முழித்தேன், ஆகவே தாளும் பென்சிலும் மறக்க வேண்டாம். பெரியவர் செய்வது போல குழலைத் தூக்கிச் செய்வதென்றால், முதலில் ரேஞ்ச் அதிகாரியைக் கேட்டுவிடுங்கள். குழல் முனை மண்மேட்டுக்கு மேலே போனால் பல ரேஞ்சுகளில் வெளியே அனுப்பிவிடுவார்கள், அது நியாயமும்கூட.

இரண்டு பத்துக்கும் சராசரியில் பெரிய இடைவெளி தெரிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அதற்கு வைத்தியம் ஆயுசு முழுக்கத் தோட்டாவைத் தட்டிக்கொண்டிருப்பது இல்லை. வேட்டையில் பள்ளத்தைப் பார்த்துச் சுட நேர்ந்தால் மருந்து முன்னால்தான் ஓடும், அப்போது யார் தட்டுவது? கையேட்டில் உங்கள் குண்டு எடைக்குக் கொடுத்திருக்கும் மருந்துகளில் எது கூட்டை அதிகம் நிரப்புகிறதோ அதற்கு மாறுங்கள். இடைவெளி தெரியாவிட்டால் மருந்தை விட்டுவிட்டு, கூட்டின் வாய் குண்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. கையேட்டில் போட்டிருக்கும் வேகம் உங்களுக்கு வரவில்லை என்று கடிதத்தின் கடைசியில் புலம்பியிருந்தீர்கள். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களுக்கான தர அமைப்பு ஒன்று இருக்கிறது, பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டிப் படித்தால் நம்மூர் 'சாமி' மாதிரியே வரும். அவர்களின் சோதனை முறையில் மருந்தை ப்ரைமர் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் அழுத்தத்தையும் வேகத்தையும் அளக்கிறார்கள். உங்கள் மருந்தோ பாதி நேரம் முன்னால் படுத்திருக்கிறது. எண் குறையத்தானே செய்யும்.

கேள்வி: காலி இடம்தான் பிரச்சினை என்றால் மருந்துக்கு மேலே ரவையோ பஞ்சோ போட்டு அடைத்துவிட்டால் என்ன? – நியூ ஜெர்சி வாசகர்

பதில்: சிரிப்பதற்காக எழுதினீர்களோ என்னவோ, அமெரிக்காவில் ஈயக் குண்டு சுடுபவர்கள் இந்த இரண்டையும் நிஜமாகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரவையும் உண்டு, இலவம் பஞ்சும் உண்டு, தலையணைக்குள் அடைக்கும் செயற்கைப் பஞ்சும் உண்டு. பலருக்கு வேகம் சீராக வந்ததும் உண்மை. ஆனால் ரவைக்கும் எடை இருக்கிறது, குண்டோடு சேர்த்து அதையும் தள்ள வேண்டும், அழுத்தம் ஏறும். பஞ்சோ அட்டையோ மருந்தின் மேல் உட்கார்ந்து, அதற்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டால், அந்த அடைப்பு வேகமாகப் போய்க் குண்டின் அடியில் மோதி, சேம்பரில் வளையமாக ஒரு வீக்கம் விழுந்த ரைபிள்கள் உண்டு. அப்புறம் அந்தக் குழல் பழைய இரும்புதான். நான் போடுவதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். இதற்கென்றே டிரெய்ல் பாஸ் என்று ஒரு மருந்து வந்தது. மணி ஒவ்வொன்றும் நடுவில் ஓட்டை போட்ட உளுந்து வடை வடிவம், குன்றிமணி அளவுகூட இல்லை. ஓட்டை இருப்பதால் எடைக்குப் பருமன் அதிகம், குறைவாகப் போட்டாலும் கூடு நிறையும். ரவையைவிட இது புத்திசாலித்தனம்.

கேள்வி: பெரிய ரைபிளுக்கான மெதுவாக எரியும் மருந்து கைவசம் நிறைய இருக்கிறது. அதையே பாதி போட்டால் உதையும் பாதி ஆகிவிடுமே? – அதே டெக்ஸாஸ் வாசகரின் பின்குறிப்பு

பதில்: வேண்டவே வேண்டாம். மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் மிகக் குறைவாகப் போட்டுச் சுட்டு, ரைபிளே வெடித்துப் பிளந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஏன் என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. மருந்து படுத்துக் கிடக்கும்போது தீ அதன் மேல்பரப்பு முழுவதையும் தடவிக்கொண்டு போவது ஒரு காரணம் என்பார்கள். குண்டு குழலின் வாயில் பாதி நுழைந்து சிக்கி நிற்க, அதற்குப் பிறகு மருந்து மொத்தமாகப் பற்றுவது என்பார்கள் இன்னொரு சாரார். கையேட்டில் ஆரம்ப அளவு என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: இங்கிலாந்தின் பிஸ்லி ரேஞ்சில் 1000 கெஜம் சுடுகிறேன், 7.62 மி.மீ. ரைபிள். நானும் தட்டித் தட்டி வைக்க வேண்டுமா? – லண்டன் வாசகர்

பதில்: தேவையில்லை. உங்கள் தோட்டாவைக் காதருகே ஆட்டினால் அநேகமாகச் சத்தமே வராது. கூடு கிட்டத்தட்ட நிறைந்திருக்கும்போது மருந்து எங்கே ஓடும்? அந்தத் தூரத்தில் வேகம் சீராக இருப்பது மிக முக்கியம் என்பது வேறு விஷயம். நொடிக்கு 20 அடி வித்தியாசம் 1000 கெஜத்தில் ஏறத்தாழ ஒரு சாண் மேலேயோ கீழேயோ போட்டுவிடும். ஆனால் அந்த 20 அடி உங்களுக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது, ப்ரைமரையும் கூட்டையும் வெயிலில் காயும் தோட்டாப் பெட்டியையும் பாருங்கள். கூட்டின் வடிவத்தையே மாற்றினால் எரிவது சீராகும் என்று 1970-களில் லூயி பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் இறங்கினார்கள். ரஷ்யத் தோட்டா ஒன்றை அடிப்படையாக வைத்துக் குட்டையாக, பருமனாக ஒரு கூடு செய்தார்கள். அதுதான் 6 மி.மீ. பி.பி.சி. மேசைமேல் ரைபிளை வைத்து ஒரே ஓட்டைக்குள் ஐந்து குண்டு போடப் பார்க்கும் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்கள் அதைப் பல ஆண்டுகளாகக் கீழே வைக்கவில்லை.

கேள்வி: என் தாத்தா அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே செய்த மருந்து பொடியாக இருக்காது, சேமியா மாதிரி இருக்கும் என்று சொல்வார். உண்மையா? – குன்னூர் வாசகர்

பதில்: தாத்தா சொன்னது அப்படியே உண்மை. கார்டைட் என்ற பெயரே கயிறு என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1889-இல் ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டியூவரும் காப்புரிமை எடுத்தார்கள். நைட்ரோகிளிசரினும் துப்பாக்கிப் பஞ்சும் (அமிலத்தில் ஊறவைத்து வெடிபொருளாக்கிய பஞ்சு) 5 சதவீதம் வாசலினும் சேர்த்து, அசிட்டோனில் பிசைந்து, இடியாப்ப அச்சில் பிழிவது போலப் பிழிந்து எடுப்பார்கள். ஊட்டி மலை ரயிலில் போகும்போது அருவங்காடு ஸ்டேஷனில் நிற்குமே, அந்தத் தொழிற்சாலை 1900-களின் தொடக்கத்தில் இதற்காகவே வந்தது.

நம் விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. .303 தோட்டாவில் இந்த இழைகளைக் கட்டாக, கூட்டின் நீளத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். ஒரு முனை ப்ரைமர் பக்கம், மறு முனை குண்டின் பக்கம். ரைபிளை எப்படிச் சாய்த்தாலும் மருந்து ஒரு பக்கமாகப் போய் ஒதுங்க வழியே இல்லை. கூட்டின் கழுத்து குறுகல், அதன் வழியாக அந்தக் கட்டு போகாது, அதனால் முதலில் கட்டை உள்ளே வைத்துவிட்டு அதற்குப் பிறகுதான் கழுத்தைக் குறுக்கினார்கள்! டெக்ஸாஸ்காரர் இன்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் சிக்கல் உங்கள் தாத்தாவின் சேமியாவுக்கு இல்லை. சூடு அதிகம், குழலை அரித்துத் தின்றுவிடும் என்ற கெட்ட பெயர் மட்டும் அதற்கு இருந்தது.

கேள்வி: மகள் 50 மீட்டரில் .22 ரைபிள் சுடுகிறாள். இதெல்லாம் அவளுக்கும் பொருந்துமா? நாமே தோட்டா நிரப்பிச் சரிசெய்ய முடியுமா? – கோவை வாசகர்

பதில்: பொருந்தும், ஆனால் அவள் கையில் இல்லை. .22 கூட்டிலும் காலி இடம் உண்டு. நொடிக்கு 320 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டில் 10 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ 50 மீட்டரில் சுமார் 8 மி.மீ. மேலோ கீழோ போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மி.மீ. தான், அதனால் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில், ஒரே மாதிரி போல்ட்டை மூடிப் பழகச் சொல்லுங்கள். மற்றபடி வெவ்வேறு தயாரிப்பு எண் கொண்ட பெட்டிகளைச் சுட்டுப் பார்த்து, அவள் ரைபிளுக்கு ஒத்துவருவதை மொத்தமாக வாங்கி வைப்பதுதான் வழி. .22-இல் ப்ரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒரு தடவை சுட்டால் அந்தக் கூடு தீர்ந்தது, மறுபடி நிரப்புகிற பேச்சே கிடையாது. பெரிய தோட்டாவாக இருந்தாலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அந்த ஆசையை டெக்ஸாஸ்காரரோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் ரைபிளில் மருந்து எந்தப் பக்கம் இருக்கும்? – கடலூர், ஏழாம் வகுப்பு மாணவி

பதில்: எந்தப் பக்கமும் இருக்காது கண்ணு. அவர் சுடுவது 10 மீட்டர் காற்று ரைபிள். குழலுக்குக் கீழே ஒரு உருளையில் அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. காற்றுக்குப் படுத்துக் கிடக்கத் தெரியாதே!