டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: உயரமான கட்டடத்தைக் கீழே நின்று எடுத்தால் மேலே போகப் போகக் குறுகி, பின்னால் சாய்கிறது. லென்ஸ் கோளாறா?

பதில்: இல்லை. உச்சியும் படத்தில் வர வேண்டுமென்று கேமராவை அண்ணாந்து பிடிக்கிறீர்கள், உள்ளே படம் பதியும் சென்சாரும் கூடவே சாய்ந்துவிடுகிறது. சென்சார் சுவருக்கு இணையாக நிமிர்ந்திருந்தால் செங்குத்துக் கோடுகள் இணையாகவே விழும். டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் என்பது சாய்க்கவும் (டில்ட்) நகர்த்தவும் (ஷிஃப்ட்) முடிகிற லென்ஸ். அதில் கேமராவை நேராக வைத்து, லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவோம். அதற்கு வழக்கத்தைவிடப் பெரிய பிம்ப வட்டம், அதாவது லென்ஸ் உள்ளே விழச் செய்யும் வட்டமான பிம்பம், வேண்டும். ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ.) சென்சாருக்குச் சுமார் 43 மி.மீ. விட்டம் போதும், கேனனின் இரண்டாம் பதிப்பு 24 மி.மீ. லென்ஸ் 67 மி.மீ. தருகிறது. விலை எகிறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கணினியிலேயே நிமிர்த்திவிடலாமே?

பதில்: தாராளமாக. மேற்பகுதியை இழுத்து விரிப்பதால் அங்கே நுணுக்கம் கொஞ்சம் குறையும், ஓரங்கள் வெட்டுப்படும். சுற்றிலும் இடம் விட்டு எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்பேன்.

கேள்வி: டில்ட் செய்தால் முன்னும் பின்னும் எல்லாமே ஷார்ப்பாக வருமாமே?

பதில்: பாதி உண்மை. டில்ட் செய்வது ஃபோகஸ் தளத்தை, அதாவது படத்தில் தெளிவாக விழும் தட்டையான பரப்பை, சாய்க்கிறது, அவ்வளவுதான். சென்சார், லென்ஸ், ஃபோகஸ் ஆகிய மூன்று தளங்களையும் நீட்டினால் அவை ஒரே கோட்டில் சந்திக்கும். இதற்கு ஷைம்ப்ஃப்ளுக் விதி என்று பெயர். 1904இல் காப்புரிமை பெற்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரியின் பெயர் அது. ஃபோகஸ் தளத்தைத் தரையோடு படுக்க வைத்தால் காலடிப் புல் முதல் தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். ஆனால் அருகே ஒரு மரம் நின்றால் அதன் உச்சி மங்கிவிடும், ஏனென்றால் தெளிவான பகுதி கேமராவுக்குப் பக்கத்தில் மெலிந்து, தூரம் போகப் போக ஆப்பு மாதிரி தடிக்கிறது.

எவ்வளவு சாய்ப்பது? கேமரா 1.5 மீட்டர் உயரத்தில், 24 மி.மீ. லென்ஸ் என்றால் ஒரு டிகிரிகூட வேண்டாம். புதிதாக வாங்கியவர்கள் ஐந்தாறு டிகிரி திருப்பிவிட்டு லென்ஸைத் திட்டுவார்கள்!

கேள்வி: நகரமே பொம்மை மாதிரி தெரியும் படங்கள்?

பதில்: அதே டில்ட், எதிர்ப்பக்கமாக. உயரத்திலிருந்து எடுத்து, ஒரு பட்டை தவிர மற்றதை மங்கலாக்கினால், சின்னப் பொருளை நெருங்கி எடுத்ததாகக் கண் நம்பிவிடும். எனக்கு அலுத்துவிட்டது, உங்கள் இஷ்டம்.

கேள்வி: ஆட்டோஃபோகஸ் உண்டா?

பதில்: கேனன், நிகான் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்களில் கிடையாது. ட்ரைபாடில் வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். அப்புறம், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள பழைய கேமரா (எஸ்.எல்.ஆர்., டி.எஸ்.எல்.ஆர்.) என்றால் ஷிஃப்ட் செய்வதற்கு முன்பே வெளிச்சத்தை அளந்துவிடுங்கள்.